நெளிந்த தகடு

இதெல்லாம் இப்படியேதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. டீச்சரம்மா முதல் தடவை வந்தது செவ்வாய்க்கிழமை என்பது என் ஞாபகம். பட்டாசு புதன்கிழமை என்கிறாள். அவள் கையாலேயே எழுதிய டைரியில் வியாழக்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணால் பார்த்ததை நம்புவதா, எழுதி வைத்ததை நம்புவதா என்ற கேள்வி இந்த வழக்கு முடிந்த பிறகும் என்னை விடவில்லை. அதனால் பட்டாசு சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்தான்.

பட்டாசு என்பது அவள் வாய்க்குக் கிடைத்த பெயர். வயது நாற்பத்திரண்டு. ஆறு வருடமாக சர்வேயரிடம் வேலை. சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் அல்ல. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்தவர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் கூப்பிடும், போலீசும் கூப்பிடும். இருபத்தைந்து வருடம் அப்படிக் குப்பை கொட்டிவிட்டு, கடைசியில் என் டீக்கடைக்கு மேலே ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் என்று பலகை மாட்டி உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம் என்பாள் பட்டாசு.

டீச்சரம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"என் பையன் காணாமப் போய் பன்னெண்டு வருஷம் ஆச்சு சார். ஒரு முதலாளிகிட்ட டிரைவரா இருந்தான். அவருக்குப் பழைய கார்னா உசிரு. ஷெட்ல ஏழெட்டு வச்சிருக்கார். அன்னைக்குக் காலைல பையன் அவரோட கிரீம் கலர் காரை எங்க வீட்டு வாசல்ல நிறுத்தினான். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வேலைம்மா, சாயங்காலம் வந்துடுவேன்னான். ஹாரன் அடிச்சுட்டுப் போனான். அவ்வளவுதான்."

"போலீசுக்குப் போனீங்களா?" என்றாள் பட்டாசு.

"மறுநாளே போனேன். அவங்க முதலாளியக் கேட்டாங்க. 'என் கார் எங்கயும் போகலையே, இதோ ஷெட்லயே நிக்குது'ன்னு சொல்லிட்டார். போய்ப் பாத்தாங்க. நின்னுச்சு. நம்பரைப் பாத்தாங்க, சரியா இருந்துச்சு. அவன் முந்தின நாளே வேலைய விட்டு நின்னுட்டான்னும் சொன்னார். அதுக்கப்புறம் என் பேச்ச யார் கேப்பா? எம் புருஷன்கூடக் கேக்கல. 'உனக்குக் கண்ணு சரியில்ல, வேற ஏதோ காரப் பாத்திருப்ப'ன்னார். அவர் போய்ச் சேர்ற வரைக்கும் அதையேதான் சொன்னார். ஊர்ல, பையன் எவளையோ இழுத்துட்டு ஓடிட்டான்னு பேச்சு."

"விபத்து ஏதாவது?"

"அதையும் கேட்டேம்மா. அந்த வாரம் மலைப்பாதைல ஒரு கார் உருண்டு எரிஞ்சுதாம். உள்ள இருந்தவர் யாருன்னே தெரியலையாம். நெஞ்சு நின்னுடுச்சு எனக்கு. ஓடிப் போய்க் கேட்டா, அது பச்சைக் காரு, வேற நம்பருன்னு ரிப்போர்ட் இருக்குன்னாங்க." டீச்சரம்மா கைகளைப் பார்த்துக்கொண்டார். "சந்தோஷப்பட்டேன். யாரோ பெத்த பிள்ளை செத்ததுக்கு, அந்த ஸ்டேஷன் வாசல்ல நின்னு நான் சந்தோஷப்பட்டேன்."

சர்வேயர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். காற்று ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். பட்டாசுதான் கேட்டாள், இப்போது ஏன் வந்தீர்கள் என்று.

"போன வாரம் பழைய கார் கண்காட்சி நடந்துச்சு. டிக்கெட் எடுத்துப் போனேன். அந்த கிரீம் கார் நின்னுச்சு. அதுல ஒரு தடவை நான் உக்காந்து போயிருக்கேன். பின்சீட்டுல கால் வைக்கிற எடத்துல தரை அரிச்சுப்போய், ஓட்டை வழியா ரோடு ஓடறது தெரியும். பயந்து காலைத் தூக்கி வச்சுக்கிட்டே போனேன். இப்ப எட்டிப் பாத்தேன். தரை புத்தம் புதுசா இருக்கு. ஒட்டுப் போட்ட தடமே இல்ல. அது அந்தக் கார் இல்ல சார். அடுத்த வாரம் அத வெளிநாட்டுக்காரர் யாருக்கோ விக்கப் போறாங்களாம். கப்பல் ஏறிட்டா அப்புறம் நான் யாரப் போய்க் கேப்பேன்?"

பிறகு அவரே சொன்னார்: "பையன் உசிரோட இருக்கான்னு சொல்லுங்கன்னு நான் கேக்கல. அன்னைக்கு நான் பாத்தது சரிதானா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

*

மறுநாள் விற்பனைக்கு முன்னால் மதிப்புப் போட வந்தவர்களாக இருவரும் முதலாளியின் ஷெட்டுக்குப் போனார்கள். சர்வேயரின் பழைய அடையாள அட்டை இன்னும் வேலை செய்தது. முதலாளிக்கு எழுபது வயது இருக்கும். கார்களைத் தடவிக்கொண்டே பேசினார்.

"எங்கப்பா வாங்கினது. ஒரே குடும்பம், ஒரே கை. ஊர்லயே பெரிய மேஸ்திரிதான் வேலை பார்த்தார். குறை சொல்ல முடியாது."

"குறை சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளமே" என்றாள் பட்டாசு. "கவலைப்படாதீங்க, மெதுவாச் சொல்றோம்."

சர்வேயர் பானெட்டைத் திறந்தார். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர் உண்டு. அதில் உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு, நான்கு மூலையிலும் ரிவெட் அடித்து. சேஸிஸ் நம்பர், எந்த வருடம், தொழிற்சாலையில் என்ன நிறம் அடித்தார்கள் என்பதற்கான எழுத்து, எல்லாம் அந்தத் தகட்டில் இருக்கும். வெளியே தொங்கும் நம்பர் பிளேட்டை யாரும் மாற்றலாம். இதைத் தொட்டால் குற்றம். ஒரு வண்டி தான் யார் என்று சொல்ல இதைத் தவிர வேறு வாய் கிடையாது.

சர்வேயர் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துத் தகட்டின் மேல் விளிம்பாக வைத்தார். டார்ச் அடித்தார். ஸ்கேலுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தது. தகடு லேசாக நெளிந்திருந்தது. ஸ்கேலைத் தகட்டுக்குப் பக்கத்தில் தகரச் சுவரின் மேல் வைத்தார். மயிரிழை இடைவெளி இல்லை.

"வண்டி எப்பவாவது முன்பக்கம் அடி வாங்கியிருக்கா?"

"எங்கப்பா ஒரு மரத்துல கொண்டுபோய் விட்டார். அப்ப நான் ஸ்கூல்ல படிச்சேன்" என்று முதலாளி சிரித்தார்.

"அந்த அடி தகட்டுக்கு மட்டும் பட்டிருக்கு. தகடு ஒட்டியிருக்கிற சுவருக்குப் படல."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. "சுவரத் தட்டி நேராக்கியிருப்பாங்க."

"தட்டினா பின்பக்கம் சுத்தியல் தடம் இருக்கும்."

சர்வேயர் கண்ணைக் காட்ட, பட்டாசு டார்ச்சோடு முன்சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தாள். "இந்த வேலைக்கு என்னை எடுத்தப்ப டைப் அடிக்கணும்னுதான் சொன்னாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பிறகு, "தடம் ஒண்ணும் இல்ல சார். ஆனா இங்க பெயின்ட் வேற மாதிரி இருக்கு. மேல கிரீம் அடிச்சவங்க இதுவரைக்கும் எட்டிப் பாக்கல போல. பச்சையா இருக்கு. நல்ல பழைய பச்சை."

அவள் தலையை வெளியே எடுத்தபோது சர்வேயர் டார்ச்சை அணைக்க மறந்து பட்டப்பகலில் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஷெட்ல ரெண்டு வண்டி இருந்திருக்கு" என்றார் மெதுவாக. "ஒண்ணு கிரீம். பேப்பர் சுத்தம், உடம்பு துரு. இன்னொண்ணு பச்சை. உடம்பு நல்லாருக்கு, பேப்பர் கிடையாது. கிரீம் வண்டித் தகட்டக் கழட்டி பச்சை வண்டிக்கு அடிச்சு, மேல கிரீம் பூசிட்டீங்க."

முதலாளி மறுக்கவில்லை. கோபம்தான் வந்தது. "வண்டின்னா எது சார்? கதவ மாத்தறோம், இன்ஜினை மாத்தறோம், சீட்ட மாத்தறோம். அப்பவும் அதே வண்டிதான். உடம்ப மாத்தினா மட்டும் வேற வண்டி ஆயிடுமா? எங்கப்பா வண்டி குப்பைக்குப் போகாம காப்பாத்தினேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"உடம்ப மாத்துங்க. மாத்தினேன்னு எழுதிக் கொடுத்துட்டு மாத்துங்க. சட்டம் அவ்வளவுதான் கேக்குது. தகடு உங்க சொத்து இல்ல. அது மத்தவங்க நம்பறதுக்காக இருக்கு."

"டிரைவர் எங்க போனார்?" என்றாள் பட்டாசு.

முதலாளி ஷெட்டின் கதவைப் பார்த்துக் கை நீட்டினார். "வேலைய விட்டு நின்னுட்டான். எத்தனை தடவை சொல்றது? கிளம்புங்க."

*

மறுநாள் மத்தியானம் மேஸ்திரியின் பட்டறைக்குப் போகும் வழியில் சர்வேயர்தான் வண்டி ஓட்டினார். முகம் வீங்கியிருந்தது. தூங்கினீர்களா என்று கேட்டதற்குப் பழைய ஃபைல் ஒன்றைத் தேடினேன் என்றார். எந்த ஃபைல் என்று கேட்டதற்குச் சிக்னலைப் பார்த்தார். பட்டாசும் அதற்கு மேல் நோண்டவில்லை.

பட்டறையில் மரக்கட்டைகளின் மேல் சக்கரம் இல்லாமல் ஒரு வண்டி உட்கார்ந்திருந்தது. பெயின்டுக்கு முன்னால் பூசும் பட்டி காய்ந்த வாசனை. மேஸ்திரி ஒரு மட்கார்டை மடியில் போட்டுக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் வேலை செய்தது. கண் எங்கோ இருந்தது.

"முதலாளி போன் பண்ணிட்டார்" என்றார். "எதுவும் பேசாதன்னார்."

"அப்ப நாங்க பேசறோம், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க அண்ணே" என்று பட்டாசு ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மேஸ்திரி லேசாகச் சிரித்தார். "தலைய ஆட்டறதுக்கு என்ன தங்கச்சி, பன்னெண்டு வருஷமா அதத்தானே பண்றேன். தகட்ட மாத்தினது நான்தான். தப்புன்னு தெரியும். ஆனா செத்துப் போன வண்டிக்கு உசிர் கொடுத்தேன்னும் ஒரு நெனப்பு. அந்தக் கார் ரோட்ல போகும்போது நின்னு பாப்பேன். அப்படி ஒரு வேலை."

"துருப்பிடிச்ச கிரீம் உடம்பு என்ன ஆச்சு?" என்றார் சர்வேயர்.

"மலைக்கு அந்தப் பக்கம் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினோம். இதோட இன்ஜின் பச்சை வண்டிக்குப் போயிடுச்சு, அதனால பச்சை வண்டியோட இன்ஜினை இதுல தூக்கி வச்சுட்டோம், ஓட்டிட்டே போகட்டும்னு. பிரேக் சரியில்ல, கட்டி இழுத்துட்டுப் போகலாம்னு சொன்னேன். அந்த டிரைவர் தம்பி, 'மெதுவாப் போறேன் மேஸ்திரி'ன்னு சாவிய வாங்கிக்கிச்சு."

மட்கார்டின் மேல் கை நின்றது. பட்டாசுக்கு அடுத்த கேள்வி வாய் வரை வந்து நின்றது. வழக்கமாக அவளுக்கு அப்படி நிற்காது.

சர்வேயர் கேட்டார்: "கிரீம் உடம்புல தகடு இருந்த எடத்துல நாலு ஓட்டை இருந்திருக்குமே."

"ஓட்டைய நான் சும்மா விடமாட்டேன் சார். என் வாத்தியார் பழக்கின பழக்கம். தகடு இல்லாத வண்டி பட்டறைய விட்டுப் போகக் கூடாது. வழியில யாராவது பானெட்டத் தூக்கிப் பாத்தா, காலி எடத்தப் பாத்துதான் முதல்ல சந்தேகம் வரும். பச்சை வண்டித் தகடு சும்மாத்தானே கெடந்துச்சு. அத எடுத்து அடிச்சுட்டேன்."

"இரும்புக் கடைக்குப் போற வண்டிக்கா?"

"இரும்புக் கடைக்குப் போற வண்டிக்குத்தான். கை பழகிடுச்சு." மேஸ்திரி எழுந்து அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். "என் கைல பட்ட ஒவ்வொரு தகட்டையும் காகிதத்த மேல வச்சு பென்சிலால தேச்சு எடுத்து வச்சிருக்கேன். அப்படியே நம்பர் பதிஞ்சு வரும். பச்சை வண்டியோடதும் இருக்கு. ஒரு நிமிஷம் இருங்க."

அவர் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

"கடைசி நாலு எண்" என்றார் சர்வேயர். "ரெண்டு, ஏழு, ஏழு, ஒண்ணு."

மேஸ்திரி பக்கத்தைக் கண்டுபிடித்தார். விரல் அங்கேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பட்டாசும் அதையேதான் கேட்க நினைத்தாள். சாம்பல் நிறப் பென்சில் தேய்ப்பில் வெள்ளையாகத் தெரிந்தது: 2771.

சர்வேயர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். கார்பன் நகல். மலைப்பாதையில் எரிந்த வாகனம் பற்றிய அறிக்கை. சேஸிஸ் எண்ணின் கடைசியில் 2771. பதிவேட்டில் நடப்பு உரிமையாளர் இல்லை. நிறம்: பச்சை. உள்ளே இருந்தவர் அடையாளம் தெரியவில்லை. கீழே பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அதற்கும் கீழே, ஆறு வருடமாக அவள் தினமும் காசோலைகளில் பார்க்கிற கையெழுத்து.

அவள் இரண்டு தடவை படித்தாள். வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் பண்ண முயன்று முயன்று விட்டார்கள்.

"முழுசா எரியல" என்றார் சர்வேயர். அவர் யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை. "பின்கதவோட கீழ்ப்பக்கம் ஒரு முழம் நீளத்துக்குப் பெயின்ட் பாக்கி இருந்துச்சு. கிரீம் கலர். நான் குனிஞ்சு பாத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா தகட்டுல பச்சைக்கான எழுத்து இருந்துச்சு. புகைல நிறம் மாறியிருக்கும்னு நெனச்சேன். அன்னைக்கு இன்னும் ரெண்டு வண்டி பாக்க வேண்டியிருந்துச்சு. பச்சைன்னு எழுதிட்டேன்."

"சார்..."

"கிரீம்னு எழுதியிருந்தா அந்தம்மா ஸ்டேஷனுக்கு ஓடிப்போன அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

மேஸ்திரி மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "அந்தத் தம்பி... முதலாளி அவன் கொண்டுபோய் விட்டுட்டு வேலைய விட்டு நின்னுட்டான்னு சொன்னார். நான் மேல கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துச்சு."

நோட்டைத் தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. தானே இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினார்.

*

காரில் பட்டாசு சொன்னாள்: "உங்க ரிப்போர்ட்டக் காட்டாமலே கேச முடிக்கலாம் சார். நோட்டு இருக்கு, தகடு இருக்கு, முதலாளி இருக்கார். போதும். அந்தம்மாவுக்கு வேண்டியது பதில்தானே? எழுதினது யாருன்னு அவங்க கேக்க மாட்டாங்க."

அவள் அதை நல்ல மனதோடுதான் சொன்னாள். மூன்று தெரு தாண்டிய பிறகுதான் பதில் வந்தது.

"அவங்க கேக்க மாட்டாங்க. அதனாலதான் சொல்லணும்."

டீச்சரம்மாவின் வீடு சின்னது, சுத்தமானது. சாப்பாட்டு மேஜையின் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சர்வேயர் ஒன்றையும் மறைக்காமல், வரிசை மாறாமல் சொன்னார். தகடு, பச்சைப் பெயின்ட், மேஸ்திரியின் பழக்கம், பிரேக். பிறகு கார்பன் நகலை விரித்து வைத்தார். தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வெகுநேரம் படித்தார். 

"அப்ப நான் பாத்தது கிரீம் கார்தான்" என்றார் டீச்சரம்மா கடைசியில்.

"ஆமா."

"நீங்களும் பாத்திருக்கீங்க."

"ஆமா. நானும் பாத்தேன்."

"உங்களுக்கு என்ன கண்ணு கெட்டுப் போச்சு? எனக்குத்தான் கெட்டுப் போச்சுன்னு பன்னெண்டு வருஷம் எல்லாரும் சொன்னாங்க." குரல் உயரவில்லை. அதுதான் பட்டாசுக்குத் தாங்கவில்லை. "எம் புருஷன் சாகும்போதுகூட நான் அவர்கிட்ட, சரி, நான் தப்பாப் பாத்திருப்பேன்னு சொல்லிட்டேன் சார். நிம்மதியாப் போகட்டும்னு சொன்னேன்."

சர்வேயர் தலையைத் தூக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை ஆரம்பித்தார். டீச்சரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத அப்புறம் பாத்துக்கலாம். அவன எங்க வச்சிருக்காங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம், பொது இடுகாட்டுல. ஒரு எண் போட்ட கல்லு இருக்கும். நேத்து விசாரிச்சேன், இருக்கு."

டீச்சரம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"பச்சைன்னு எழுதின அதே கையால எழுதுங்க. அன்னைக்கு என்ன பாத்தீங்களோ அத எழுதுங்க."

சர்வேயர் எழுத ஆரம்பித்தார். மூன்று வரிதான் இருக்கும். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. டீச்சரம்மா பக்கத்தில் நின்று, பரீட்சை அறையில் நிற்பது போல, கடைசி எழுத்து வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

*

கிரீம் கார் கப்பல் ஏறவில்லை. போலீஸ் அதைக் கொண்டுபோய்த் தங்கள் வளாகத்தில் நிறுத்தியது; வழக்கு முடிவதற்குள் இதன் தரையும் துருப்பிடித்துவிட்டது. முதலாளிக்குத் தகடு மாற்றியதற்கும் பொய் வாக்குமூலத்துக்கும் சேர்த்து மூன்று வருடத் தண்டனை கிடைத்தது. முதுமையைக் காரணம் காட்டி ஒரு வருடத்தில் வெளியே வந்தார். மேஸ்திரி தானாகப் போய்ச் சரணடைந்து எட்டு மாதம் உள்ளே இருந்தார். இப்போது பட்டறை இல்லை. மகள் வீட்டில் இருக்கிறார். சர்வேயர் பழைய அறிக்கையையும் டீச்சரம்மா வீட்டில் எழுதியதையும் துறைக்கு அனுப்பி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். டீச்சரம்மா அவரை மன்னித்ததாக யாரும் கேள்விப்படவில்லை. ஆனால் இடுகாட்டில் பெயர் பொறித்த கல் வைக்கப் போன அன்று அவரையும் வரச் சொன்னார். அவர் போய் வெளிக்கேட்டோடு நின்றுகொண்டார். மாடி அறையில் இப்போது பட்டாசுதான் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சரம்மா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். மகனுக்குப் பக்கத்தில் இடம் வாங்கி வைத்திருந்தார், அங்கேயே வைத்தார்கள்.